பேதியுப்புத் தக்காளி

கோட்டாற்றில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முற்றம் முழுக்கக் கருங்கல் பாவியது. வீட்டுக்காரர் மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தார். இரண்டு முற்றத்துக்கும் நடுவே ஓர் ஆள் உயரத்துக்கு மதில். வாடகைச் சீட்டில் அவர் கைப்பட எழுதிய நிபந்தனைகளில் ஒன்று: 'வீட்டினுள் எக்காரணம் கொண்டும் மண் கொண்டுவரலாகாது.' மண் வந்தால் ஈரம் வரும், ஈரம் வந்தால் சிதல் வரும், சிதல் அரித்தால் உத்தரம் போகும். உத்தியோகத்தில் அவர் கற்ற பாடம் அது.

நானோ அஞ்சுகிராமத்துப் பக்கம் வயலும் தோப்புமாக இருந்த வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த முதல் மாதமே கை துறுதுறுத்தது. ஊருக்குப் போனபோது ஒரு பிச்சிப் பதியனைச் சட்டியில் வைத்து, வண்டியில் மடியிலேயே இருத்திக் கொண்டுவந்தேன். மூன்றாம் நாள் காலை குளித்துவிட்டு வந்து பார்த்தால் சட்டி கவிழ்ந்து கிடக்கிறது. மண் ஓடையில் போய்விட்டது. செடியை மட்டும் வீட்டுக்காரர் மரியாதையாக வாழையிலையில் சுற்றி மதில்மேல் வைத்திருந்தார்.

"செடிக்கு நான் விரோதி இல்ல மக்கா, மண்ணுக்குத்தான்," என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

அன்று மத்தியானம் வரை அழுதேன். அதற்குப் பிறகு அழுகை போய்க் கோபம் வந்தது.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக் கொடுப்பவர். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகாது. சாயங்காலம் அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு, "மண்ணை எந்தச் செடியும் தின்னாது, கேட்டியா? மண்ணுல கரைஞ்சிருக்க உப்பைத்தான் தண்ணியோட குடிக்கும். மண்ணு சும்மா வேரைப் பிடிச்சு நிறுத்தும், அவ்வளவுதான்," என்றார்.

நான் தோசையைத் திருப்ப மறந்து நின்றேன். "அப்போ மண்ணு வேண்டாமா?"

"வேண்டாம்னு சீமையில சோதனை பண்ணிப் பாத்திருக்காங்க. கண்ணாடிச் சாடியில தண்ணியை ஊத்தி..."

"என்ன உப்பு? எங்க கெடைக்கும்? இப்பமே சொல்லுங்கோ."

அன்றைக்கு அவர் கருகின தோசைதான் தின்றார்.

வெடியுப்பு, திருவிழாவுக்கு வாணம் செய்பவரிடம் கிடைத்தது. அடுத்தது பேதியுப்பு. அதை வாங்க மருந்துக் கடைக்குப் போன என் கணவரிடம் கடைக்காரர் ரொம்ப இரக்கத்தோடு, "வீட்டுல யாருக்கு சார்?" என்று கேட்டாராம். இவருக்குப் பொய் சொல்ல வராது. செடிக்கு என்றால் சிரிப்பார்களே என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாருக்கும்தான்," என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மூன்றாவது ஒரு பொடி பள்ளிக்கூடத்துச் சோதனைச் சாலையிலிருந்து சட்டைப் பையில் வந்தது. அதைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை. இரும்புச் சத்துக்கு ஒரு துருப்பிடித்த ஆணி.

பாத்திரங்கள் என் பொறுப்பு. விளிம்பு உடைந்த ஊறுகாய்ப் பரணி இரண்டு, மண்ணெண்ணெய் டின் நாலு. டின்னுக்கு உள்ளே தார் மாதிரிக் கீல் பூசித் துரு ஏறாமல் பார்த்துக்கொண்டேன். தேங்காய்ச் சிரட்டையில் ஓட்டை போட்டு, உள்ளே தேங்காய் மட்டையிலிருந்து உரித்த கதம்பல் நாரை அடைத்து, அதில் நாற்றை நிறுத்தி, சிரட்டையைப் பரணியின் வாயில் தொப்பி மாதிரி உட்கார வைத்தேன். டின்னுக்குப் பலகை மூடி. மூடியில் துளை, துளைக்கு ஒரு சிரட்டை. செடி மேலே, வேர் கீழே தண்ணீரில்.

முதல் தடவை எல்லாம் அழுகிப்போயிற்று. வீட்டுக்குள் செத்த மீன் நாற்றம். கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தார். உப்பின் அளவு சரியாகத்தான் இருந்தது. காரணம் என் சோம்பேறித்தனத்தால்தான் தெரியவந்தது. இரண்டாம் தடவை, கிணற்றில் இறைக்க அலுத்து இரண்டு டின்னைப் பாதியோடு விட்டுவிட்டேன். அந்த இரண்டில் மட்டும் செடி குதித்துக்கொண்டு வளர்ந்தது. வேருக்கும் மூச்சு விட இடம் வேண்டும் போலிருக்கிறது. அதிலிருந்து எல்லா டின்னையும் அரைகுறையாகவே நிரப்பினேன்.

இரண்டு மாதத்தில் மதிலோரம் பச்சையாகிவிட்டது. பரணியில் புதினாவும் பசலையும், ஒரு டின்னில் சிவப்பும் வெள்ளையுமாகக் காசித்தும்பை, மற்ற மூன்றிலும் சீமைத் தக்காளி. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் அதைப் பார்த்தவர்களே கொஞ்சம் பேர்தான்.

ஓவர்சியர் வாடகைச் சீட்டோடு வந்து நின்றார். நிபந்தனையை உரக்க வாசித்தார்.

"மண்ணு எங்க இருக்கு அண்ணாச்சி? நீங்களே எடுத்துக் காட்டுங்கோ," என்றேன்.

மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சிரட்டையாகத் தூக்கிப் பார்த்தார். வெள்ளை வேர்கள் தாடி மாதிரி தொங்கின. டின்னுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினார். விரலை முகர்ந்தார். கடைசியில், "இது என்ன டின்னு?" என்றார்.

"மண்ணெண்ணெய் டின்னு."

"பாத்தியா! மண்ணு வந்தாச்சே!"

சொன்ன மறுகணமே அவருக்கே வெட்கமாகிவிட்டது. சீட்டை மடித்துக்கொண்டு போய்விட்டார். மதிலுக்கு அப்பால் அவர் மனைவி அடக்கமுடியாமல் சிரிப்பது கேட்டது. அண்ணன் மனைவி முறையாக அவர்களை நான் மைனி என்று கூப்பிடுவேன்.

தக்காளி பழுக்கத் தொடங்கியதும் காணாமல் போகவும் தொடங்கியது. தினம் ஒன்று. முதலில் காக்கையைச் சந்தேகப்பட்டேன், பிறகு பெருச்சாளியை. ஆனால் இரண்டும் சிந்தாமல் சிதறாமல் காம்போடு கொய்துகொண்டு போகுமா? ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாயைப் போட்டுத் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு மேலே ஒரு துறட்டி எட்டிப் பார்த்தது. மாங்காய் பறிக்கும் துறட்டி. முனையில் சின்னதாக ஒரு வலைப்பை. மெதுவாக இறங்கியது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேடியது, நல்ல பழமாகப் பார்த்து ஒன்றைப் பையில் விழவைத்தது, மேலே போயிற்று. பாலம் கட்டின கையல்லவா, ஓர் இலைகூட உதிரவில்லை.

நான் படுத்தபடியே யோசித்தேன்.

மறுநாள் காலையில் அவர் அந்தப் பக்கம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை வாசிக்கிற நேரம் பார்த்து, மதிலருகே போய், "மைனி, ஒரு காரியம் சொல்ல மறந்துட்டேன்," என்று கூவினேன். "இந்தச் செடிக்கெல்லாம் பேதியுப்புத் தண்ணிதான் ஊத்துகேன். பழம் பூரா அதுதான் ஏறியிருக்கும். சின்னப் பிள்ளையளுக்கு ஒண்ணும் குடுத்துராதேயுங்கோ. அஞ்சாறு தின்னா ஆளே போயிருமாம்!"

பத்திரிகை கீழே விழும் சத்தம் கேட்டது.

நான் சொன்னது பச்சைப் பொய். ஒரு டின் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை உப்பு; அதில் எறும்புக்குக்கூட ஒன்றும் ஆகாது. ஆனால் பத்து மணிக்குள் ஓவர்சியர் மூன்று முறை கொல்லைப்புறம் போய்வந்தார். மத்தியானம் சோறு வேண்டாம் என்று மோர் குடித்தார். சாயங்காலம் வைத்தியரைக் கூப்பிட ஆள் அனுப்பலாமா என்கிற வரைக்கும் வந்துவிட்டது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. விளையாட்டாகச் சொன்னதில் மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மைனியைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மைனி வாயைப் பொத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். "ஏட்டி, பாதிப் பழம் எனக்குல்லா கொண்டு தந்தாரு! ஊர்ல இருந்து சினேகிதர் குடுத்ததுன்னு சொன்னாரு. ரசம் வச்சு நான்தான் குடிச்சேன். எனக்கு ஒண்ணும் செய்யலியே!"

மோரில் சுக்குப் பொடி போட்டு, இது சீமை மருந்து, கேட்கும் என்று மைனி கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் கேட்டுவிட்டது.

விஷயம் அதோடு தீர்ந்திருக்கும், என் கணவர் சும்மா இருந்திருந்தால். இரண்டு நாள் கழித்துத் தெருவில் ஓவர்சியர் அவரை நிறுத்தி, பேதியுப்பு செடி வழியாகப் பழத்துக்கு ஏறுமா என்று விசாரித்திருக்கிறார், பொதுஅறிவுக்குக் கேட்பதுபோல. இவர் சந்தோஷமாகக் கால் மணி நேரம் பாடம் நடத்தி, அதனால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று நிரூபித்தே விட்டார்.

அன்று மாலை ஓவர்சியர் மதிலருகே வந்து நின்று என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஏன் பொய் சொன்னாய் என்று அவர் கேட்கவேண்டுமானால், எந்தப் பழத்தைத் தின்றீர்கள் என்று நான் கேட்பேன். இரண்டு பேருக்கும் அது தெரிந்திருந்தது. அவர் உதட்டோரம் லேசாகத் துடித்தது. கோபமென்று நினைத்தேன், சிரிப்பு.

"உன் டின்னெல்லாம் கோணலா இருக்கு மக்கா. ஒரு பக்கம் தண்ணி ஏறி நிக்கி," என்றார்.

மறுநாள் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்து ஒவ்வொரு டின்னுக்கும் அடியில் செங்கல் துண்டு வைத்து மட்டம் பார்த்தார். போகும்போது நாலு தக்காளி நாற்றும் ஒரு பொட்டலம் உப்பும் கொடுத்தனுப்பினேன். ஒரு மாதத்தில் அவர் பக்கம் பன்னிரண்டு டின், கயிறு பிடித்த மாதிரி ஒரே வரிசையில் நின்றது.

பிறகு அதைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு நாள் மயிலாடியிலிருந்து வந்த பழைய சினேகிதர் ஒருவருக்கு அவர் விளக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் தாமே கண்டுபிடித்ததாகத்தான் பேச்சு. உப்பின் பெயர் ஒன்றும் நினைவில் இல்லை, ஆனால் தயங்கவேயில்லை.

"ரகசியம் வேற ஒண்ணும் இல்ல ஓய். தண்ணியைக் கொஞ்சம் சூடாக்கி ஊத்தணும். கை பொறுக்குத சூடு போதும்."

சினேகிதர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நான் மதிலடியில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து போய்த் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. மயிலாடியில் எத்தனை செடி வெந்துபோயிற்றோ, எனக்குத் தெரியாது.