கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் நிறுத்திய கதை

எழுதுவதற்கு வேண்டியது எல்லாம் என்னிடம் இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும். மேசை உண்டு, எண்பது பக்கக் கோடு போட்ட நோட்டு உண்டு, கறுப்பு மை தவிர வேறு மை தொடமாட்டேன் என்ற வீம்பு உண்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, இடதுபுறம் இரண்டு விரல் அகலத்துக்குத் தாளை மடித்துவிட்டு, காபி ஆறும்வரை காத்திருப்பேன். எழுத்து மட்டும் வராது. இப்படிப் பதினோரு நோட்டுகள் பீரோவில் அடுக்கியிருக்கின்றன. பதினொன்றிலும் முதல் மூன்று பக்கம் முத்து முத்தான கையெழுத்து, அதற்குப் பிறகு வெள்ளைத் தாள்.

பொழுதுபோக்குக்கு எழுதுகிறவள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. பொழுது போனது உண்மைதான்.

எண்பத்தொன்பதில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வார இதழில் என் கதை அச்சில் வந்தது. ஒன்றே ஒன்று. அதைப் படித்துவிட்டு என்னைத் தேடி வந்த ஒரே ஆள் அக்கா. உடன்பிறந்தவர் இல்லை. கீழ்பென்னாத்தூரில் நான் வேலை பார்த்த ஆபீசில் பக்கத்து மேசைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இருவருக்கும் வீடு திருவண்ணாமலையில். தினமும் காலையில் ஒரே பஸ், ஒரே சீட்.

"அடுத்த கதை இன்னாடி?" என்றார் ஒரு நாள்.

"இன்னும் எழுதலக்கா."

"எழுதறது கெடக்கட்டும். வாயால சொல்லு."

சொன்னேன். என் கெட்ட பழக்கம் அங்கேதான் ஆரம்பித்தது. பஸ் ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஆளை அறிமுகப்படுத்துவேன். சோமாசிபாடி வருவதற்குள் அவரைச் சிக்கலில் மாட்டிவிடுவேன். கீழ்பென்னாத்தூரில் இறங்குவதற்குள் முடித்துவிடுவேன். அக்கா நடுநடுவே "அப்புறம்?" என்று ஒரே வார்த்தைதான் கேட்பார். சில நாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்குவார். அன்றைக்கெல்லாம் எனக்குத் தலை கால் புரியாது. மறுநாள் விடியற்காலை அதே கதையை எழுத உட்கார்ந்தால் ஆறிப்போன இட்லி மாதிரி இருக்கும். அதுதான் சொல்லியாகிவிட்டதே, இனி எழுதி என்ன என்று கை சலித்துக்கொள்ளும். ஏழெட்டு வருஷத்தில் எத்தனை கதைகளை அந்த பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினேன் என்று எனக்கே தெரியாது.

கோளாறு எங்கே என்று ஒருவழியாகப் புரிந்தபோது, அடுத்து நல்ல கதை ஒன்று கிடைத்தால் அதை வாயால் கெடுக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். கிடைக்கவும் செய்தது. ஆனால் வாய் கேட்கவில்லை, அதையும் ஒரு நாள் பஸ்ஸில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

அதற்கு முன்னால் அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய வீட்டுக்காரர் ஒரு நாள் காலையில் காபி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே போனவர், திரும்பவில்லை. காவி கட்டிக்கொண்டு வடக்கே எங்கேயோ இருப்பதாகப் பேச்சு. உலகத்திலுள்ள ஆண்களெல்லாம் காவி கட்ட எங்கள் ஊருக்கு வருகிறார்கள். எங்கள் ஊர் ஆளுக்கு மட்டும் வடக்கு கேட்டது. ஆபீசில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம். அக்கா பொட்டும் பூவுமாகத்தான் வேலைக்கு வருவார்.

என் கதையில், திண்டுக்கல் பக்கத்துப் பெண் ஒருத்தி எங்கள் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறாள். கையில் கல்யாண போட்டோ. வீட்டை விட்டுப் போன புருஷனை, கிரிவலப் பாதையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சாமியார்களுக்கு நடுவே தேடுகிறாள். ஊரை மாற்றியிருந்தேன், வயதை மாற்றியிருந்தேன். அக்காவுக்குத் தெரியாது என்று நினைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரி நான். அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு சாமியார் திருவோட்டை நீட்டுகிறார். தாடியில் முகம் தெரியவில்லை. ஆனால் உட்கார்ந்தபடியே வலது கால் பெருவிரலால் இடது கணுக்காலைச் சொறிகிறார். அவள் அப்படியே நின்றுவிடுகிறாள்.

"அப்புறம்?" வரவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காபி குடிக்கும்போது காலை அப்படிச் சொறிவது அவருடைய வீட்டுக்காரரின் பழக்கம். என்றோ சாப்பாட்டு வேளையில் அக்காவே சிரித்துக்கொண்டு சொன்னதுதான். திருடுகிறோம் என்ற நினைப்புகூட இல்லாமல் என் மனசு அதை எடுத்து வைத்திருந்திருக்கிறது.

சோமாசிபாடி தாண்டிய பிறகுதான் கேட்டார். "கூப்ட்டாளா? இல்ல, காசு போட்டுட்டுப் போயிட்டாளா?"

நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது பேராசை. ஒரு மனுஷியை இப்படித் திரும்பி உட்காரவைத்த கதையை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. "முடிவு இருக்குதுக்கா. ஆனா சொல்லமாட்டேன். அச்சுல வந்ததும் படிச்சுக்குங்க" என்றேன்.

ஒரு மாதம்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். "ரொம்பத்தான் பிகு பண்றடி" என்று கிண்டல்கூடச் செய்தார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். நானும் வேறு கதை எதுவும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறியதும் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வேன். நோட்டில், சாமியார் காலைச் சொறிந்தது வரை எழுதினேன். அதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை. பார்க்கலாம் பார்க்கலாம் என்றே வருஷங்கள் போயின.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில் அக்காவுக்குச் சர்க்கரை முற்றி, கிட்னி கெட்டு, நீண்ட லீவில் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேங்கிக்காலில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். முகம் உப்பி, கால் வீங்கிப் படுத்திருந்தார். பழம் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், நான் வாங்கிப்போனதை என்னையே உரித்துத் தின்னச் சொன்னார்.

"எழுதிட்டியா?"

"எழுதிக்கிட்டே இருக்கேன்க்கா."

"எனக்குப் படிக்கறதுக்கு டைம் கம்மி. கூப்ட்டாளா இல்லியா, அத மட்டும் சொல்லு."

தொண்டை அடைத்துக்கொண்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. சொன்னால் கதை போய்விடும் என்ற அதே பயம்தான். படுத்துக் கிடந்தவர் முன்னாலும் என் கதையைத்தான் நான் காப்பாற்றினேன். "புத்தகத்துல வரும்க்கா" என்றேன்.

"சரி, வரட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டார். தை மாதம் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் விடாமல் ஐந்து மணிக்கு உட்கார்ந்தேன். கூப்பிட்டாள் என்று எழுதிப் பார்த்தேன், கிழித்தேன். காசு போட்டுவிட்டு நடந்தாள் என்று எழுதினேன், அதுவும் பொய்யாக இருந்தது. அக்காவிடம் ஒரு முடிவை மறைத்து வைத்திருப்பதாகத்தான் அத்தனை வருஷம் நினைத்திருந்தேன். மறைப்பதற்கு என்னிடம் ஒன்றுமே இருந்ததில்லை. பஸ்ஸில் சொன்ன எந்தக் கதைக்கும் ஏறும்போது முடிவு கிடையாது. அக்கா "அப்புறம்?" என்பார், எனக்கு வாயில் வரும். அவ்வளவுதான் என் எழுத்து. அதில் பாதி அவருடையது.

போன வாரம் பன்னிரண்டாவது நோட்டு வாங்கி வந்தேன். சுழி போட்டு, தாளை மடித்து வைத்திருக்கிறேன். எதுவும் வரப்போவதில்லை என்று தெரியும், பழக்கம் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்திருந்தால், அவள் கூப்பிட்டாளா இல்லையா என்று எனக்கும் தெரிந்திருக்கும்.