திலகவதி அக்காவின் பழைய நம்பர்

திலகவதி அக்காவுடன் எனக்கு முதல் பேச்சே சண்டையில்தான் தொடங்கியிருக்க வேண்டும். புக்கிட் பெருவாங்கில் எங்கள் எதிர்வீட்டுக்கு அவர் குடி வந்த அன்று, சாமான் லாரி என் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனேன். அவர் லாரியையும் கவனிக்கவில்லை, என்னையும் கவனிக்கவில்லை. ஹாலில் தரையில் உட்கார்ந்து, பழைய போன் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, போன் கம்பெனி ஆளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். நம்பர் மாறாதுதானே, மாறாதுதானே என்று மலாயில் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"சாமா, மக்சிக். நோம்போர் சாமா லா," அதே நம்பர்தான் அம்மா என்று அந்த ஆள் சலிக்காமல் சொன்னான்.

நம்பர் அதேதான், ஆனால் இனி கம்பியில் வராது, இண்டர்நெட்டில் வரும் என்பதை அவன் கவிநேசனிடம் மட்டும் விளக்கினான். கவிநேசன் அக்காவுடைய கணவரின் அண்ணன் மகன். சிங்கப்பூரில் வேலை. இந்த வீடு அவனுடையது, பூட்டிக் கிடந்தது. தஞ்சோங் கிளிங்கில் அக்கா இருந்த வாடகை வீட்டை முதலாளி விற்றுவிட்டதால் இங்கே கொண்டுவந்து வைத்தான். நல்ல பிள்ளைதான். மறுநாளே சிங்கப்பூருக்கு பஸ் ஏறிவிட்டான்.

அந்த நம்பர் எதற்கு என்று பிறகுதான் தெரிந்தது. அது ராஜம்மாவுக்காக.

இருவரும் ஒரே ரப்பர் தோட்டத்துப் பெண்கள். பால் வெட்டப் போகாமல், பத்து பெரெண்டாமில் இருந்த தொழிற்சாலைக்கு பஸ் ஏறியவர்கள். பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்துக்கொண்டு, பொடிப் பொடி எலக்ட்ரானிக் சாமான்களை ஒட்டும் வேலை. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தே இளமையைக் கழித்துவிட்டார்கள். திலகவதி அக்காவுக்குக் கணவர் வந்தார், போனார், பிள்ளை இல்லை. ராஜம்மா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. சர்க்கரை நோய் அவருடைய கண்ணைப் பறித்துக்கொண்டது. இப்போது சிகாமட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அங்கே ஹாலில் இருக்கும் போனைத் தடவித் தடவி அவரால் அடிக்க முடிந்த நம்பர் உலகத்திலேயே ஒன்றுதான். சாயங்காலத் தேத்தண்ணி குடித்ததும் அடிப்பார். என்ன சமைத்தாய், யார் செத்தார்கள், கால் வலி எப்படி. அவ்வளவுதான் பேச்சு. அதற்காகத்தான் திலகவதி அக்கா நாள் முழுக்க உயிரை வைத்துக்கொண்டிருந்தார் என்று நான் சொன்னால் அது மிகையில்லை.

வீடு மாறிய பிறகு ராஜம்மாவிடமிருந்து போன் வரவில்லை.

"கோவமா இருக்கா, டீச்சர்," என்றார் அக்கா. வீட்டில் டியூஷன் எடுப்பதால் நான் எல்லாருக்கும் டீச்சர். "பெரிய வீட்டுக்குப் போனா அவளை மறந்துருவேன்னு அழுதா. சும்மா ஒப்பாரி வைக்காதடின்னு போனை வச்சிட்டேன். அதைப் புடிச்சிக்கிட்டா."

"நீங்களே கூப்பிடுங்களேன், அக்கா."

"நான் ஏன் கூப்பிடணும்? அங்க போன் அடிச்சா, ஆபீஸ்ல உள்ளவ மூஞ்சத் தூக்கிக்கிட்டுப் போய்க் கூட்டியாரணும். எப்பவும் அவதான் அடிப்பா. வேணும்னா அடிக்கட்டும்."

பிடிவாதத்தில் இருவரில் யார் ஒசத்தி என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒருத்தியின் பிடிவாதத்தைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இத்தனை பெரிய வீட்டில் அவர் ஹாலை மட்டும்தான் புழங்கினார். போன் பக்கத்திலேயே சாப்பாடு, போன் பக்கத்திலேயே பாய். காலையில் அது அடிக்கத்தான் செய்தது. கோர்ட்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் பேரில் கேஸ் இருக்கிறது என்று ஏமாற்றுக்காரர்கள் கூப்பிடுவார்கள். அக்கா அவர்களைச் சட்டென்று விடமாட்டார். திட்டுவதானாலும் யாரோ ஒருவருடன் பேச்சு என்று ஆகிறதே.

"போன் நல்லாத்தான் இருக்கு," என்பார் என்னிடம். "களவாணிப் பயலுக்கெல்லாம் என் நம்பர் ஞாபகம் இருக்கு. அவளுக்கு இல்ல."



மழைக் காலம். மத்தியானம் தாண்டினால் ஆயர் குரோ பக்கம் இருண்டுகொண்டு வரும், இடி ஆரம்பித்துவிடும். அப்படி ஒரு சாயங்காலம் அக்காவின் துணிகள் வாசல் கொடியில் நனைந்துகொண்டிருந்தன. பொறுக்க முடியாமல் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். வீடு இருட்டாகக் கிடந்தது. அலமாரிக் கண்ணாடியை சாரோங் போட்டு மூடியிருந்தார். சுவரைச் சுற்றிலும் பிடுங்கிய பிளக்குகள் தொங்கின. நடுவில் அக்கா, போனுக்குப் பக்கத்தில்.

"கரண்டு இல்லையாக்கா?"

"இடி இடிக்குதுல்ல. எல்லாத்தையும் புடுங்கிட்டேன்."

இதில் ஆச்சரியப்பட எனக்கு யோக்கியதை கிடையாது. என் வீட்டிலும் அந்த நேரம், மின்னலை இழுக்கும் என்று கண்ணாடிக்குத் துண்டு போட்டிருந்தது. டிவி பிளக் பிடுங்கியிருந்தது. தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்த யாரும் இடி இடிக்கும்போது சுவரில் பிளக்கை விட்டுவைக்க மாட்டோம். ஆனால் போன் கம்பெனி ஆள் மூலையில் மாட்டிவிட்டுப் போன சின்னப் பெட்டியைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. அதில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

"தினமும் இப்படியா, அக்கா?"

"தினமுந்தான இடிக்குது. காலையில திரும்பச் சொருகிருவேன்."

"அந்தப் பெட்டியையுமா?"

"அது இண்டர்நெட் பெட்டிலா. எனக்கு எதுக்கு இண்டர்நெட்?"

"உங்க போனே அதுலதான்கா வருது."

"போனுக்கு எதுக்கு கரண்டு?" அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தஞ்சோங் கிளிங்ல ஊரே இருட்டாக் கெடந்தப்பகூட அடிச்சிச்சு."

நான் ரிசீவரை எடுத்து அவர் காதில் வைத்தேன். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.  அக்கா எழுந்து, வெளியே இடி உருண்டுகொண்டிருக்கும்போதே, வெறுங்கையால் பிளக்கைச் சொருகினார். பெட்டியில் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. மூஞ்சைத் தூக்குகிறவள் தூக்கட்டும் என்று சிகாமட்டுக்கு அவரே அடித்தார்.

எடுத்த பெண் பேர் கேட்டாள். அக்கா பேரைச் சொன்னார். அவள் பதறிப் பதறிச் சொன்னது எனக்கே கேட்டது.

"ஆண்டி, நீங்க... நீங்க செத்துட்டீங்கன்னுல்ல சொன்னாங்க?"

ராஜம்மா தினமும் அடித்திருக்கிறார். இந்த எண்ணைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று பதிவு செய்த மலாய்க்காரியின் குரல் தினமும் சொல்லியிருக்கிறது. இல்லத்துப் பெண்ணும் ஒரு சாயங்காலம் அடித்துப் பார்த்தாள். அதே குரல்தான். "நம்பர் மாறாதுன்னு சத்தியம் பண்ணினா. நம்பர் இருக்கு, அவதான் இல்ல," என்று சொல்லிவிட்டு, ராஜம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாராம். மீன் தொடவில்லை. பதினாறாம் நாள், திலகவதிக்குப் பிடிக்கும் என்று நெத்திலி சம்பால் செய்யச் சொல்லி, இலை போட்டுப் படைத்துவிட்டு, அதற்குப் பிறகு போன் பக்கமே வரவில்லையாம்.

ராஜம்மாவைக் கூட்டிவந்தார்கள். முதலில் அழுகை. அப்புறம் திட்டு. அந்தக் குரல் ரிசீவரைத் தாண்டி ஹால் முழுக்கக் கேட்டது. அக்காவும் அழுதுகொண்டே திட்டினார். உயிரோடு இருக்கிறவளுக்கு இலை போட்டாயே, பாவி என்று சிரிக்கவும் சிரித்தார். நான் ஈரத் துணிகளை நாற்காலியில் உலர்த்திக்கொண்டே எனக்குள் சந்தோஷப்பட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பேச்சு ஓய்ந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டு ராஜம்மா மெதுவாகக் கேட்டார்.

"நீ செத்ததக்கூட நான் தாங்கிக்கிட்டேன்டி. ஒண்ணுதான் தாங்கல. யாருமில்லாத வீடாச்சே. எத்தனை நாளு கழிச்சி உன்னைப் பாத்திருப்பாங்க? யாரு கொள்ளி வச்சிருப்பா? அதை நெனச்சித்தான் எனக்குத் தூக்கமே வரல."

கவிநேசன் பேரைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எதிர்வீட்டு டீச்சர் இருக்கிறாள் என்றாவது சொல்வார் என்று பார்த்தேன். அக்கா ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினார். மூலையில் பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"தெரியலடி," என்றார்.