சாத்திய கதவு திறந்த கதை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவன் நான். ஆனால் விருதுநகரிலிருந்து விஸ்வநத்தம் வரை, படித்தவர்கள் கைவிட்ட மிஷின்களை ஓட வைத்தவன். சொல்லிக்கொள்ளக் கூச்சமில்லை, நானே சம்பாதித்த பெயர். இப்போது வேலையை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஜெயித்த இடங்களை விட நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிதான் அதிகம் நினைவுக்கு வருகிறது.

அங்கே மருந்து சலிக்க ஒரு மிஷின் போட்டோம். ஓடும்போது அறைக்குள் ஆள் இருக்கக் கூடாது. தள்ளியிருக்கும் ஷெட்டிலிருந்துதான் ஓட்ட வேண்டும். கதவு திறந்தால் அந்தக் கணமே மோட்டார் நிற்க வேண்டும். வயரிங் என்னுடையது. ஷெட்டில் மாட்டிய போர்டிலிருந்த சிப்புக்குப் புரோகிராம் எழுதியது சூலக்கரையில் குடியிருந்த ஒரு பெண். கைக்குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடி தனியாகப் பிடித்த முதல் ஆர்டர் அது.

முதல் வாரமே கோளாறு. சாத்திய கதவு சாத்தியபடி இருக்க, கதவு திறந்துவிட்டது என்று மிஷின் தானாக நின்றது.

"அண்ணாச்சி, சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா புரோகிராமை வேற ஆளுகிட்ட குடுத்துருவேன். அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிருங்க" என்றார் முதலாளி. "வயர்ல ஒண்ணும் இல்லையே?"

"என் வயரையா கேக்கீக?" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

அவளுக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, கதவுக் கம்பி வந்து சேருற சிப்போட இன்புட் பின்னைப் படிக்கிற டிரைவர் புரோகிராமை வரி வரியாப் பாத்துட்டேன். அது சரியாத்தான் படிக்குது. பின்ல நெசமாவே என்னமோ வருது. எப்பெப்ப வருதுன்னு போர்டு குறிச்சு வச்சிருக்கும். வாசிங்க."

போர்டின் திரையைப் பார்த்து வாசித்தேன். காலை எட்டு மணிக்கு ஒரு கொத்து. பத்தரைக்கு ஒரு கொத்து. ஒன்றே முக்காலுக்கு ஒரு கொத்து. இடையில் சுத்தமாக ஒன்றுமில்லை.

பக்கத்தில் நின்ற ஃபோர்மேன் சிரித்தார். "உங்க மிஷினு டீ குடிக்கப் போயிட்டு வருது போல அண்ணாச்சி."

அந்த நேரங்களை மறுபடி பார்த்தேன். எட்டு மணிக்கு வேலைக்கும், பத்தரைக்கு டீ முடிந்தும், ஒன்றே முக்காலுக்குச் சாப்பாடு முடிந்தும் வருவது மிஷின் இல்லை, பக்கத்து அறைப் பெண்கள். பட்டாசு அறைக்குள் நுழையும் எவரும் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைவார்கள். உடம்பில் ஏறிய மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எல்லா வாசல் தகடுகளுக்கும் ஒரே எர்த் பட்டை. கதவு சுவிட்சிலிருந்து திரும்புகிற கம்பியை ஷெட் வரை இழுக்காமல் நான் முடிந்து வைத்திருந்ததும் அந்தப் பட்டையில்தான். மண்ணுக்குப் போகிற கம்பி என்றால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கும் வரவில்லை. அங்கே ஒருத்தி தகட்டைத் தொட்டால், இங்கே இன்புட் பின்னில் சிக்னல் துள்ளி, கதவு திறந்ததாக மிஷின் நின்றது.

குரலைத் தணித்து அவளிடம் சொன்னேன்.

"நான் வேணா கண் சிமிட்டுற நேரம் பொறுத்துப் பாத்துட்டு நிறுத்தச் சொல்லி டிரைவரை மாத்திருதேன் அண்ணாச்சி. நீங்க யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"அப்ப தப்பு உன் பேர்ல நிக்குமே தாயி."

"நிக்கும்."

போனை வைத்துவிட்டு நேரே முதலாளி முன் போனேன். ஃபோர்மேனும் இருந்தார். "தப்பு என் வயர்ல. புரோகிராம் சரியாத்தான் இருக்கு" என்றேன். வாழ்நாளில் அப்படி நான் சொன்னது அதுதான் முதல் தடவை. ஃபோர்மேன் தன் காதைக் குடைந்துகொண்டு, "இன்னொருக்கச் சொல்லுங்க அண்ணாச்சி, சரியா விளல" என்றார்.

மருந்தை அப்புறப்படுத்திய பிறகு, திரும்பும் கம்பியைத் தனியாக ஷெட் வரை இழுத்தேன். நாலு மணி டீ முடிந்து பெண்கள் ஒவ்வொருவராகத் தகட்டைத் தொட்டு உள்ளே போனார்கள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

முதலாளி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த மிஷினுக்கும் அந்தப் பிள்ளையே எழுதட்டும். வயர் எங்கன போகணும்னும் அதுவே வரைஞ்சு தரட்டும்."

அதன் பிறகு ஆறு வருஷம், ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் சூலக்கரைக்குப் பஸ் ஏறினேன், அவள் வரைந்த தாளை வாங்க. குழந்தை என் சட்டைப்பையில் டெஸ்டரைத் தேடும். அவள் ஒவ்வொரு கோடாகக் காட்டுவாள். நான் குறை கண்டுபிடிக்கப் பார்ப்பேன். இரண்டு தடவை கண்டுபிடித்தும் இருக்கிறேன்.