மோசூல் நண்பர் கூட்டிப்போன மடம்

மனைவிக்கு மூளையில் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சாமி கும்பிட வரவில்லை. நண்பர்கள் அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பே ஏரியாவில் ஒரு கோயில் விடாமல் அர்ச்சனை செய்தார்கள். பிரசாதம் வந்துகொண்டே இருந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின சனிக்கிழமை ஆபீஸ் நண்பர் வீட்டுக்கு வந்தார். இராக்கில் மோசூல் அவர் ஊர், ஐந்து வேளையும் தொழுகிற முஸ்லிம். கடலோர மலைமேல் ஒரு கிறிஸ்தவத் துறவி மடம் இருக்கிறது, போய்விட்டு வரலாம் என்றார்.

“போயிட்டு வாங்க. வீட்ல உக்காந்து என் உயிரை எடுக்காதீங்க,” என்றாள் மனைவி.

வண்டி ஓட்டிக்கொண்டே அவர் சொன்னதையெல்லாம் வாய்பிளந்து கேட்டேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அவர் ஊர்ப்பக்கத்து முஸ்லிம்கள் மடங்களைப் பற்றியே புத்தகம் எழுதினார்களாம். எங்கே தோட்டம் அழகு, எங்கே திருவிழா விசேஷம், எங்கே திராட்சை மது நன்றாயிருக்கும், எந்த மடத்துக்குப் போனால் நோய் தீரும் என்றெல்லாம். அரசாண்ட கலீஃபாக்கள்கூடப் போய்த் தங்குவார்களாம். மது என்றதும் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

“குடிக்கக் கூடாதுதான். எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களே, நான் என்ன செய்ய?” என்று சிரித்தார். பிறகு, “மடங்களை இடிக்கச் சொன்னவர்களும் அப்போதே இருந்தார்கள். எங்கள் ஊர் மடத்தை என் காலத்தில்தான் தகர்த்தார்கள், என் மதத்தின் பெயரைச் சொல்லி,” என்றார்.

மடத்துக் கோயில் வாசலில் இருவரும் பழக்கதோஷத்தில் ஷூவைக் கழற்றினோம். கதவருகே நின்ற வயதான துறவி எங்கள் சாக்ஸ் கால்களைப் பார்த்தார். தன் செருப்பையும் கழற்றிவிட்டு எங்களை உள்ளே கூட்டிப்போனார். நண்பர் என் மனைவியின் பெயரைச் சொல்லி, அவளுக்காக ஜெபம் செய்யுங்கள் என்று அவரிடம் கேட்டார். கேட்கும்போதே குரல் உடைந்தது. அன்று எனக்குக் கும்பிட வந்தது. யாரைக் கும்பிட்டாய் என்றால் சொல்லத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மதியம் டாக்டர் வெளியே வந்து, கட்டியை முழுசாக எடுத்தாயிற்று, பயமில்லை என்றார். முதல் போன் நண்பருக்குத்தான் போட்டேன். எடுக்கவில்லை. ஆபீஸில் கேட்டால் இன்று லீவு என்றார்கள்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். மலைமேல் சிக்னல் கிடைக்காது, இப்போதுதான் ரோட்டுக்கு இறங்கி வந்தேன் என்றார்.

“காலையிலிருந்து மடத்தில்தான் இருந்தேன். சொல்லுங்கள், கண் விழித்துவிட்டாரா?”