கதவைத் திட்டும் ஓபா

"இதுவா கதவு? இதைச் செதுக்கினவன் கையில உளியைக் குடுத்த புண்ணியவான் யாரு? முதல்ல அவனைக் கூப்பிடுங்க!"

மஸ்தூரா ஓபா திட்டத் தொடங்கிவிட்டாள். இடித்துப் போட்ட வீட்டின் புழுதிக்கு நடுவே, மிச்சமிருக்கும் ஒற்றைச் சுவரில் சாய்ந்திருக்கிறது அந்தக் கதவு. அதைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். விரல் முட்டியால் ஒரு தட்டு. காதை வைத்துக் கேட்கிறாள். நகத்தால் நீலப் பெயிண்டைச் சுரண்டி மூக்கருகே கொண்டுபோகிறாள். "கோழிக்கூட்டுக்குக்கூட ஆகாது. கோழிக்கும் மானம் மரியாதை இருக்குல்ல?"

வீட்டுக்காரர் மீசைக்குள் சிரிப்பை ஒளித்துக்கொண்டு கேட்கிறார்: "இன்னும் கொஞ்சம் திட்டுங்க ஓபா. அவ்வளவுதானா?"

உஸ்பெகிஸ்தானின் கோகந்து நகரத்தில் அந்நியர் வீட்டுப் பொருளை வாய்விட்டுப் புகழ்வது வம்பு. "நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டால் போதும், வீட்டுக்காரர் நெஞ்சில் கை வைத்து, "உங்களுதுதான், எடுத்துக்கோங்க" என்று சொல்லியாக வேண்டும். விருந்தாளி மூன்று தடவை மறுத்தாக வேண்டும். நாகரிகத்துக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இரண்டு பேருக்கும் அன்று இரவு தூக்கம் கெடும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றுதான் ஓபா திட்டுவதைப் பழக்கமாக்கிக்கொண்டாள். ஆனால் ஊர் லேசுப்பட்டதா? திட்டின் தரத்தை வைத்தே கதவின் தரத்தைக் கணக்குப் போடக் கற்றுக்கொண்டுவிட்டது. 'கோழிக்கூடு' என்றால் சுமார். 'அடுப்பு' என்றால் நல்ல மரம். செதுக்கியவனின் மாமியாரை இழுத்தாள் என்றால் அது பொக்கிஷம். வீட்டுக்காரர் அந்த நிமிஷமே விலையை ஏற்றிவிடுவார்.

"என் வாயே எனக்கு எதிரி" என்று அலுத்துக்கொள்வாள். திட்டாமல் ஒரு கதவை வாங்கியதும் இல்லை.

ஓபா என்றால் அக்கா. வயது ஐம்பத்தாறு ஆகிறது. எழுபது வயதுக் கிழவர்களும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். உரத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் கிரேன் ஓட்டியவள். அந்தத் தெம்பு இன்னும் தோளில் இருக்கிறது. முற்றத்து ஆப்ரிகாட் மரக்கிளையில் கப்பியும் சங்கிலியும் தொங்கும். இரண்டு ஆள் தூக்க வேண்டிய கதவை ஒற்றை ஆளாக மேலே ஏற்றி, அந்தரத்தில் திருப்பி, பூனைக்குட்டியை இறக்குவதுபோல மேசைமேல் இறக்குவாள். அப்புறம் உளி, இழைப்புளி, உப்புத்தாள். கைரகாச் என்கிற அந்த ஊர் மரம் இழைப்புளியின் பல்லையே பெயர்க்கும். "நீ பெரிய ஆளா, நான் பெரிய ஆளா?" என்று அதோடும் ஒரு சண்டை.

பத்து நாள் கழித்துப் போய்ப் பார்க்க வேண்டும். நடுப்பலகை கழன்று கதவு நிலைக்கண்ணாடியின் சட்டமாக நிற்கும். கண்ணாடி போர்த்திய தேநீர் மேசையாகவோ, கட்டில் தலைமாட்டுப் பலகையாகவோ ஆகியிருக்கும். நாதாங்கி வளையத்தில் யாரோ துண்டு மாட்டிக்கொண்டிருப்பார்கள். பெயிண்டை முழுக்கச் சுரண்டமாட்டாள். பள்ளங்களில் பச்சையும் நீலமும் பழுப்பும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுவைப்பாள். "மூணு தலைமுறை மாமியார் மருமக சண்டை போட்டு அடிச்ச கலரு. அதை எடுக்க நான் யாரு?" ஒரு தடவை தாஷ்கெண்டிலிருந்து காபிக் கடைக்காரர் ஒருவர் வந்து, புதுப் பலகையை நெருப்பில் வாட்டிப் பழசாக்கித் தர முடியுமா என்று கேட்டார். "உங்க தாத்தாவையும் அப்படித்தான் வாட்டி எடுத்தாங்களா?" என்றாள். மனிதர் தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

ஊரில் பாதிப் புதுமணத் தம்பதிகள் அவள் செய்த தலைமாட்டில் சாய்ந்து உட்கார்கிறார்கள். அவள் வீட்டில் இருப்பதோ கிரீச்சிடும் இரும்புக் கட்டில். "குயவன் ஓட்டைச் சட்டியிலதான் தண்ணி குடிப்பான்" என்று புருஷன் கஃபூர்ஜான் தினமும் புரண்டு படுக்கும்போது சொல்வார். காரணம் அவருக்கும் தெரியும். கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒன்பது வருஷமாக ஒரு ஒற்றைக் கதவு நிற்கிறது. இரட்டைக் கதவில் ஒரு பாதி. உடைசல் லாரி ஒன்றில் கிடைத்தது. ஓரத்தில் மாதுளை மொட்டு வரிசை. விளிம்பில் எட்டு முனை நட்சத்திரத்தில் நான்கு முனை மட்டும். மிச்ச நான்கும் எங்கேயோ. அதற்கு ஜோடி கிடைத்தால்தான் தன் கட்டிலுக்குத் தலைமாடு என்று சபதம். "பாதி நட்சத்திரத்துல தலை வெச்சுப் படுக்கறதா?" எத்தனை பேர் கேட்டும் கொடுக்கவில்லை. படுக்கப்போகும் முன் அதை ஒரு தடவு தடவுவாள்.

போன இலையுதிர் காலத்தில் ஓக்தெபே கிராமத்தில் கஃபூர்ஜானின் பழைய லாரிக் கூட்டாளி ஹோல்மத்தின் மகனுக்குக் கல்யாணம். முதல் நாள் பிற்பகல் அக்கம்பக்கமெல்லாம் கூடி பலாவ் என்கிற கல்யாணச் சோற்றுக்குக் கேரட் நறுக்குவது வழக்கம். இருநூறு கிலோ. முற்றத்தில் செங்கல் அடுக்கிப் பலகைகள் போட்டு, ஆளுக்கொரு கத்தியோடு உட்கார்ந்தார்கள். வாய்க்கு ஊர்வம்பு, கைக்குக் கேரட். ஒரு கேரட் உருண்டு பலகைக்கு அடியில் போனது. ஓபா குனிந்து கையை விட்டாள்.

கை அப்படியே நின்றுவிட்டது.

பலகையின் அடிப்பக்கம் வழவழப்பாக இல்லை. மொட்டு, மொட்டு, மொட்டு. விரல் விளிம்புக்கு ஓடியது. ஒரு முனை, இரண்டு, மூன்று, நான்கு. ஒன்பது வருஷமாகத் தடவிய விரலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தியைக் கீழே போட்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் கோடரியோடு வந்தார். "இந்தப் பலகையில வேலை முடிஞ்சுதா? ரெண்டாவது அண்டாவுக்கு விறகு பத்தாது. கைரகாச் மரம், பிளந்து போட்டா நின்னு எரியும்."

"தாராளமா எடுத்துக்கோ" என்றார் ஹோல்மத், தூரத்திலிருந்து.

ஓபா எழுந்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள். கோழிக்கூடு வரவில்லை. மாமியாரும் வரவில்லை. "ஐயோ, என்ன அழகு! தொடாதீங்க, என்ன அழகு இது!" என்றுதான் வந்தது.

முற்றத்தில் கத்திகள் நின்றன. கஃபூர்ஜான் பாதிக் கேரட்டோடு திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவள் ஓபாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஓபா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஹோல்மத் வந்து நெஞ்சில் கை வைத்தார். "உங்களுதுதான் ஓபா. எடுத்துக்கோங்க."

"வேண்டாம், வேண்டாம்."

"எடுத்துக்கணும்."

"நல்ல நாள் அதுவுமா உங்க வீட்டுப் பொருளை நான் எடுக்கறதா? வேண்டாம் அண்ணா."

"அட, நாகரிகத்துக்குச் சொல்லல. அடுப்புக்குப் போறது உங்க கைக்குப் போகட்டுமே!"

ஓபா மூன்றாம் தடவையும் தலையாட்டி மறுத்தாயிற்று. இனி வாங்கிக்கொண்டால் யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. அப்போதுதான் ஹோல்மத்தின் மனைவி ஸோஹிதா, கையிலிருந்த கேரட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எடுத்துட்டுப் போங்க ஓபா. நான் கல்யாணமாகி வந்தப்ப என்னை உள்ள விட்ட கதவு அது. பழைய வீட்டை இடிச்சப்ப ஜோடி லாரியோட போயிடுச்சு. இவரு ஊர் ஊராத் தேடினாரு, கிடைக்கல. ஒத்தையா கிடக்கறதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அதான், எரிஞ்சே போகட்டும்னு விட்டுட்டேன்."

ஓபா கஃபூர்ஜானைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கெஞ்சினார். 'வாயைத் திறக்காதே, பொம்பளே. கேட்காமலே கொடுக்கிறார்கள். வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம்.' ஜோடி எங்கே இருக்கிறது என்று அந்த முற்றத்தில் அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். குனிந்து அந்த நான்கு முனையையும் மறுபடி ஒரு தடவு தடவினாள். ஆசை அப்படி.

"ஜோடி எங்க வீட்டுல இருக்கு" என்றாள்.

ஸோஹிதா எழுந்த வேகத்தில் மடியிலிருந்த கேரட்டெல்லாம் சிதறியது. "என்ன சொன்னீங்க?"

"எங்க வீட்டுல. கட்டிலுக்கு எதிர்ல. ஏங்க, வண்டியை எடுங்க! மசமசன்னு நிக்காதீங்க! யோவ் சமையக்காரரே, அந்தக் கோடரியைக் கீழ வையும். நான் வர்றதுக்குள்ள இதுல ஒரு கீறல் விழுந்துச்சு, உம்மைத்தான் அண்டாவுல போடுவேன்!"

அவர்களுடைய டமாஸ் வேன் வாய்க்கால் பாலத்தை இரண்டு சக்கரத்தில் கடந்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வழி நெடுக கஃபூர்ஜான் புலம்பினார். "ஒன்பது வருஷம் பொறுத்தவளுக்கு ஒரு நிமிஷம் வாயை மூடத் தெரியலையே! இனிமே சாகற வரைக்கும் எனக்கு அந்த இரும்புக் கட்டில்தானா?"

"ஆமா. எண்ணெய் விட்டுக்கோங்க" என்றாள் ஓபா.

முக்கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டார்கள், பின்கதவு மூடாமல், கதவு பாதி வெளியே நீட்டிக்கொண்டு. அதற்குள் கேரட்டை விரிப்புகளில் அள்ளிக் கொட்டியிருந்தார்கள். அங்கிருந்த பாதியைத் திருப்பிச் சுவரில் சாய்த்தார்கள். ஒன்று வெயிலில் வெளுத்திருந்தது, மற்றது எண்ணெய் பூசிக் கறுத்திருந்தது. ஓபா தன் பாதியை இடுப்பால் முட்டி முட்டி நகர்த்தினாள். மொட்டு வரிசை மட்டத்துக்கு வந்தது. நடுவில் விரற்கடை இடைவெளி. இன்னொரு முட்டு. எட்டு முனையும் சேர்ந்துகொண்டன.

முற்றமே கத்தியது. யாரோ விசிலடித்தார்கள். மாப்பிள்ளைப் பையன் என்னவென்று புரியாமலே கைதட்டினான். சமையல்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஹோல்மத் நெஞ்சில் கை வைத்தபடி நின்றார்.

"ஒரு வாரம் குடுங்க" என்றாள் ஓபா, மூச்சிரைக்க. "பையன் கட்டிலுக்குத் தலைமாடாக்கித் தர்றேன். என் பங்குக்குக் கல்யாணச் சீரு. நீங்க வேண்டாம்னு மூணு தடவை சொல்லுங்க, நான் காதுல வாங்கிக்கல."

ஸோஹிதா உள்ளே ஓடிப்போய்த் தேநீர் கொண்டுவந்தாள். பியாலாக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி, தலைகுனிந்து நீட்டினாள். இந்த ஊரில் பச்சைக் குழந்தைகூட ரொட்டியையும் தேநீரையும் வலது கையால்தான் வாங்கும். ஓபாவின் வலது கை இரண்டு கதவும் சேர்ந்த இடத்தில் பதிந்திருந்தது. எடுக்கப் பார்த்தாள், அது வரவில்லை. இடது கையை நீட்டித் தேநீரை வாங்கிக் குடித்தாள்.