பேங்க்காரர் பின்வாங்கல்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த அவளுக்குச் செஸ் வந்ததே கல்யாணத்தோடுதான். புருஷன் வங்கிக் குமாஸ்தா. நகரப் போட்டியில் மூன்று முறை ஜெயித்தவர். ஊர்ச் செஸ் கழகத்தில் எல்லோருக்கும் அவர் பேங்க்காரர். சாப்பாடு முடிந்ததும் பலகையை விரிப்பார். வெள்ளைக் காய் எப்போதும் அவருக்கே. ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, எடுத்த எடுப்பில் பாய்ந்து வருகிற தொடக்கம் என்றால் அவருக்கு உயிர். பழக்கத்துக்கு அடி வாங்க ஓர் ஆள் வேண்டுமே, அதற்கு அவள்.

அடி வாங்கிக்கொண்டே, எந்த அடியில் வலுவில்லை என்று அவள் பார்த்துவைத்தாள்.

போட்டியில் பெண்களும் ஆடலாம் என்று கழகம் கதவைத் திறந்த வருஷம், "சும்மா பேரைக் குடு, எண்ணிக்கைக்கு ஆச்சு" என்றவரும் அவர்தான். அவளோ ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி வந்துவிட்டாள். கடைசிச் சுற்றில் எதிரே புருஷன்.

முதல் நான்கைந்து நகர்த்தல்கள் வீட்டில் ஆடுகிற மாதிரியே போயின. பிறகு, வெட்ட வேண்டிய சிப்பாயை வெட்டாமல் அவள் குதிரையைப் பின்னுக்கு இழுத்தாள். பயந்துவிட்டாள் என்று சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பாய்ந்து வந்த அவருடைய காய்களுக்கு முட்ட இடமில்லாமல் போனது. பின்வாங்கிய குதிரை மறுபக்கமாகச் சுற்றி வந்து ராணியை மடக்கியது. அவர் ராஜாவைச் சாய்த்துவிட்டு, பல் தெரியச் சிரித்துக் கை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"இத்தனை நாளா இத ஏன் வீட்டுல ஆடல?"

"வீட்டுல ஜெயிச்சா நீங்க முகம் குடுத்துப் பேச மாட்டீங்களே."

சொன்னது உண்மை; அதனால்தான் அது பெரிய குற்றமாகிவிட்டது. பலகை பீரோ மேலே ஏறியது. அடுத்த வருஷப் போட்டி வந்தபோது, "ஒரு வீட்டுல ஒருத்தர் ஆடினா போதும்" என்றார். அவள் வயிற்றில் பிள்ளை. மல்லுக்கு நிற்கத் தெம்பில்லை.

கழகத்தில் அந்தக் குதிரை ஆட்டம் பரவிவிட்டது. பெண்டாட்டிக்குப் புருஷனைத் தவிர வேறு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? 'பேங்க்காரர் பின்வாங்கல்' என்று அதற்குப் பேரும் விழுந்தது. முதன்முறை அதைக் கேட்டபோது அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாரோ கையில் டீயைக் கொடுத்தார்கள், குடித்துவிட்டார். அப்புறம் குதிரையை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவரே பாடம் எடுக்கத் தொடங்கினார்.

அவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றதற்குக் கழகம் பாராட்டுக் கூட்டம் வைத்தது. இரண்டாவது வரிசையில் இருந்த அவளைப் பார்த்துச் செயலாளர் கேட்டார்: "நல்ல வாத்தியார் கெடச்சாரு உங்களுக்கு, இல்லையாம்மா?"

அவள் எழுந்து நின்றாள். "குதிரைய அப்படிப் பின்னால எடுத்தது நான்தாங்க. அன்னிக்கு வரைக்கும் அவருக்கு அது தெரியவே தெரியாது."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "அம்மா நல்லா தமாஷ் பண்றாங்க!" என்றார் செயலாளர்.

அவள் மேடையைப் பார்த்தாள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.