வாசித்ததாகக் கொள்ளப்பட்ட பேச்சு

என் தம்பி ஐந்து வருடம் சட்டமன்ற உறுப்பினராக இருந்தான். அதற்கு முன்னும் தையற்காரன், பின்னும் தையற்காரன். இரண்டு பெரிய கட்சிக்காரர்களும் அடித்துக்கொண்டதில், சுயேச்சையாக நின்ற இவன் ஜெயித்துவிட்டான். ஊரே "கத்திரி" என்றுதான் கூப்பிடும். மந்திரிகளுக்கு அந்தப் பெயர்கூடத் தெரியாது.

சபையில் கதவோரம் கடைசி நாற்காலி. தனி ஆள் என்பதால் பேச நேரம் ஒதுக்கும்போதெல்லாம் விடுபட்டுப்போவான். கடைசி வருடம் ஒருநாள் முறை வந்தது. எழுந்து மூக்குக்கண்ணாடியை மாட்டுவதற்குள் சபாநாயகர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் முடிந்துவிட்டது. உறுப்பினர் தாளைக் கொடுத்துவிடலாம், வாசித்ததாகக் கொள்ளப்படும்" என்றார். அங்கே அப்படித்தான் வழக்கமாம். இவனும் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான். சபைக் குறிப்புப் புத்தகத்தில் நாலு பக்கம் அச்சானது, பேசிய மாதிரியே.

அடுத்த தேர்தலில் தோற்றான். மனைவியும் போய்ச் சேர்ந்தாள். மகள் கடல் தாண்டி இருக்கிறாள். கடைக்கு வருகிறவர்களிடம் அளவெடுத்து முடித்ததும் அந்தப் புத்தகத்தை நீட்டுவான். அதை யாராவது முழுசாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. பக்கத்துக் கடையில் முடிவெட்டுகிறவர் ஒருநாள் கேட்டுவிட்டார்.

"ஏன்யா கத்திரி, அங்க நீ வாயே திறக்கலையாமே. ஊமைப் படத்துக்கா வசனப் புத்தகம் காட்டுறே?"

இருந்தவர்கள் சிரித்தார்கள். அதோடு புத்தகம் அலமாரிக்குள் போனது. இவனும் யாரிடமும் பேச்சுக் கொடுப்பதில்லை. காஜா எடுப்பான், பட்டன் வைப்பான், கடையைப் பூட்டுவான்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"அந்தப் புத்தகத்தை எடுத்துப் படிடா."

"உனக்கு எதுக்குக்கா அது?"

"எனக்குப் படிக்கத்தான் தெரியாது. காது நல்லாக் கேக்கும்."

"வேலை கிடக்கு."

"கிடக்கட்டும். நீ படிக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

எழுந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தான், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்றவன் அதோடு நிறுத்திப் புத்தகத்தைத் தாழ்த்தினான்.

"தலைவர் கேட்டுட்டுத்தான் இருக்கேன், மேல போ" என்றேன்.

ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு வாசலில் பெண்கள் உட்கார ஒரு பெஞ்சு வேண்டும், அதுதான் பேச்சு. மூன்றாம் பக்கத்தில் நான் வந்தேன். என் மூத்த சகோதரி இடுப்பு வலியோடு மத்தியானம் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று எழுதியிருந்தான். ஊரெல்லாம் நீட்டிய புத்தகம்; அதில் என்ன இருக்கிறது என்று இத்தனை வருடத்தில் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

"மத்தியானம் வரைக்கும் இல்லடா. சாயங்காலம் வரைக்கும் நின்னேன்."

"அச்சாயிடுச்சுக்கா. இனி மாத்த முடியாது."

"அச்சடிச்சவனா நின்னான்? திருத்து."

துணியில் கோடு போடும் பென்சிலை எடுத்துத் திருத்தினான். பிறகு, உட்காராமலே, முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தான்.